‘பத்தலைன்னா கார்டு போட்டுக்கலாம் சார்’: 2,500 ரூபாயை மிச்சம் பிடித்த கதை

போன வருஷம் ஆனி மாதம் ஒரு டேப்லெட் வாங்கினேன். அதில் 2,500 ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்று நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். அந்த மிச்சம் கடைசியில் எனக்கு எவ்வளவுக்கு வந்து நின்றது என்பதைக் கணக்கோடு கீழே சொல்கிறேன். பணம்கூடப் போகட்டும், போனதில் ஒன்று எத்தனை ரூபாய் கொடுத்தாலும் திரும்ப வராது. வாங்கும் முன்னால் யாராவது ஒருத்தர் என்னை உட்காரவைத்துப் பத்து நிமிஷம் பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேட்க ஆள் இல்லாமல் இல்லை. மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறான். அவனிடம் கேட்டால் ‘அப்பா, நீங்க இருங்க, நானே ஆர்டர் போடறேன்’ என்பான். எனக்கு அதில் ஒரு ரோஷம். வீட்டுக்காரி மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போய் ஐந்து மாதம் தங்கிவிட்டாள். காட்பாடி வீட்டில் நான் தனி ஆள். முடிவெடுத்ததும் தனியாக, மாட்டிக்கொண்டதும் தனியாக.

ஆர்.எம்.எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் சேவையில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து கல்வெட்டு, நடுகல் (சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட கல்) என்று சுற்ற ஆரம்பித்தேன். எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை, எந்த ஏரிக்கரையில் இறங்கினாலும் ஒரு கல் நிற்கும். போனில் எடுத்த படத்தில் எழுத்தைப் படிக்க முடியவில்லை. கண் ஆபரேஷன் வேறு ஆகியிருந்தது. பெரிய திரை இருந்தால் பழைய கல்வெட்டுத் தொகுதிகளின் ஸ்கேன் பிரதிகளையும் வைத்துக்கொள்ளலாம், அந்த இடத்திலேயே ஒப்பிட்டுப் படிக்கலாம் என்று தோன்றியது. அதற்குத்தான் டேப்.

கடையில் ஒரே மாடலுக்கு இரண்டு விலை எழுதியிருந்தார்கள். 4+64 என்றால் 13,999, 6+128 என்றால் 16,499. முதல் எண் ரேம், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் வைத்துக்கொள்ளும் தற்காலிக இடம். இரண்டாவது எண் சேமிப்பு. அதுவரைக்கும் எனக்குத் தெரியும். எது எனக்குச் சரி என்று அந்தப் பையனைக் கேட்டேன். “நீங்க இன்னா கேம் ஆடப் போறீங்களா சார்? புக்கு படிக்க, வாட்ஸ்அப் பாக்க 64 தாராளம். பத்தலைன்னா கார்டு போட்டுக்கலாம் சார், ஒரு டிபி வரைக்கும் எடுக்கும்” என்றான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அந்த டேப் ஒரு டிபி, அதாவது ஆயிரம் ஜிபி, மெமரி கார்டை எடுக்கத்தான் செய்யும். கார்டில் எதை வைக்கலாம், எதை வைக்க முடியாது என்பதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் 64ஐ வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ என்ற இடத்தைத் திறந்தேன். நான் ஒன்றுமே போடவில்லை, அதற்குள் 21 ஜிபி போயிருந்தது. முதலில் பழைய டேபைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். அப்படி இல்லை. ஆண்ட்ராய்டும், கம்பெனிக்காரர்கள் கூடவே போட்டு அனுப்பும் ஆப்களும் அந்த இடத்தை எடுத்துக்கொள்கின்றன. பெட்டியில் எழுதியிருக்கும் எண் மொத்த மனையின் அளவு மாதிரி. அதில் சுவரும் படிக்கட்டும் போக நமக்குக் குடியிருக்க எவ்வளவு என்பதுதான் கேள்வி. 64 என்றால் நமக்கு நாற்பத்துச் சொச்சம், 128 என்றால் நூற்றுச் சொச்சம். விலையில் வித்தியாசம் இரண்டாயிரத்து ஐநூறு, புழங்கும் இடத்திலோ இரண்டரை மடங்கு. இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டிருந்தால் கை தானாக 128 பக்கம் போயிருக்கும். இன்னொரு சின்ன விஷயம். ‘ரேமை அதிகமாக்கித் தருகிறோம்’ என்று ஒரு வசதி பல டேப்களில் இருக்கிறது. சேமிப்பிலிருந்து நாலு ஜிபி போலக் கடன் வாங்கித்தான் அது நடக்கிறது. அதை அணைத்தால் அந்த நாலு ஜிபி திரும்பக் கிடைக்கும். எனக்கு இது தெரிந்தது ஒன்பதாவது மாதத்தில்.

வாங்கும் முன்னால் செய்ய வேண்டியது என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். கையில் இருக்கும் பழைய போனை எடுத்து அதே ‘ஸ்டோரேஜ்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். படம் எவ்வளவு, வாட்ஸ்அப் எவ்வளவு, ஆப் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். அந்தப் போன் வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தால், வருஷத்துக்கு நீங்கள் எவ்வளவு சேர்ப்பவர் என்பது தெரிந்துவிடும். கடைக்காரரிடம் ‘எனக்கு எவ்வளவு போதும்’ என்று கேட்பது, சாப்பாட்டுக் கடையில் ‘எனக்கு எவ்வளவு பசிக்கிறது’ என்று கேட்பதற்குச் சமம். அதைவிட முக்கியமாக, ‘புக்கு’ என்ற சொல்லில் நான் ஏமாந்தேன். தட்டச்சு செய்த மின்நூல் ஒன்று ஓரிரண்டு எம்பிதான் இருக்கும், ஆயிரம் நூலை வைத்தாலும் 64 ஜிபி அசையாது. நான் வைத்திருந்ததோ ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ. ஒரு தொகுதி 40 எம்பியிலிருந்து 200 எம்பி வரைக்கும் போகும். அரசின் தமிழ் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ராத்திரி ராத்திரியாக இறக்கினேன். இலவசம் என்றால் நமக்கு அளவு தெரியாதே.

புரட்டாசி வருவதற்குள் டேப் நிரம்பிவிட்டது. சிஸ்டம் 21, ஆப்கள் 6, வாட்ஸ்அப் 8, புத்தகம் 26, ஆக 61 ஜிபி. அதிலிருந்துதான் தொல்லை தொடங்கியது. ஒரு பிடிஎஃப் பக்கம் புரட்டினால் அடுத்த பக்கம் வருவதற்குள் காபி ஆறிவிடும். ஆப் அப்டேட் எதுவும் ஏறாது. கேமரா ‘இடமில்லை’ என்று சொல்லும். ஏன் இப்படி மெதுவாகிறது என்று பிறகு தேடிப் படித்தபோது எனக்குப் பழைய வேலைதான் ஞாபகம் வந்தது. சார்ட்டிங்கில் பை பிரிக்கும்போது மேஜையில் ஒரு மூலையாவது காலியாக இருக்க வேண்டும். தபாலைக் கொட்டி, பிரித்து, கட்டி, பிறகுதான் அதனதன் அறையில் போட முடியும். மேஜை முழுக்க கட்டுகள் இருந்தால் ஒரு கட்டை நகர்த்த இன்னொரு கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். டேபுக்குள் இருக்கும் ஃபிளாஷ் சேமிப்பும் அதே மாதிரிதான். ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே அதனால் எழுத முடியாது. ஒரு பகுதியில் இருப்பதை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, அந்தப் பகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் புதிதாக எழுதும். காலி இடம் குறையக் குறைய நகர்த்துவதே வேலையாகிவிடும். அதனால் எத்தனை ஜிபி வாங்கினாலும் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. வாங்கும்போதே அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

அந்த வரலாற்று ஆசிரிய நண்பர் ஒரு நாள் என் டேபை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்னு நம்ம வேலூரைச் சொல்லுவாங்க. இடமில்லாத டேபையும் அதுல சேத்துக்க சார்” என்றார். நான் விடவில்லை. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்தாயிற்று, பாலாற்றிலும் 2021 நவம்பரில் வெள்ளம் கரை புரண்டது, என் டேபுக்கும் ஒரு காலம் வரும் என்றேன். அப்போது என் மனதில் இருந்தது கார்டு.

கார்டு வாங்கும் முன்னால் எதையெல்லாம் அதற்கு மாற்றலாம் என்று பார்த்தேன். இதையும் முன்பே பார்த்திருக்க வேண்டும். ஆப்களை மாற்ற முடியாது, என் டேப் அதற்கு வழியே விடவில்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இல் கார்டையும் உள் சேமிப்போடு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி வந்தது. ஆனால் நிறைய கம்பெனிகள் அதைத் தங்கள் சாதனங்களில் கொடுப்பதில்லை. வாட்ஸ்அப் தன் படங்களையும் வீடியோக்களையும் உள் சேமிப்பில்தான் வைக்கும், கார்டுக்குப் போகாது. பக்கத்து வீட்டுப் பெண் நீட் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளுடைய பாட ஆப்பில் இறக்கி வைக்கும் வீடியோக்களும் அப்படியே, உள்ளேதான் உட்காரும். வாரத்துக்கு ஏழெட்டு ஜிபி இறக்கி, பார்த்து, அழித்து என்று அவள் பாடே திண்டாட்டம். பிள்ளைகளின் படிப்புக்கு வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ‘கார்டு போடலாமா’ என்று இல்லை. ‘இந்த ஆப்பில் இறக்குவது கார்டில் போய் உட்காருமா’ என்று கேட்க வேண்டும். அவருக்கும் தெரியாது. அந்த ஆப்பை உங்கள் போனிலேயே போட்டு, அதன் செட்டிங்ஸில் இறக்கும் இடத்தைக் கார்டுக்கு மாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கார்டுக்கு நிம்மதியாகப் போவது படம், வீடியோ, பாட்டு, பிடிஎஃப், இவைதான். எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பஜாரில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு நடைபாதைக் கடையில் 512 ஜிபி கார்டு 699 ரூபாய் என்று தொங்கியது. அட்டையில் பெயர் பெற்ற கம்பெனியின் எழுத்து. பெரிய கடையில் 128 ஜிபியே ஆயிரத்துக்கு மேல் சொன்னார்கள். முப்பது வருஷம் முகவரி பார்த்துக் கடிதம் பிரித்தவன், கள்ளத் தபால்தலையைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறேன். அந்தக் கார்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. பேரம் பேசினேன், குறைக்கவில்லை. குறைக்காததாலேயே நல்ல சரக்கு என்று நம்பிவிட்டேன்.

டேபில் போட்டதும் 512 என்றே காட்டியது. 26 ஜிபி புத்தகத்தை அன்று இரவே நகர்த்தினேன். டேப் மறுபடியும் பறந்தது. கேமராவின் செட்டிங்ஸில் படம் சேமிக்கும் இடத்தைக் கார்டு என்று மாற்றினேன். அதற்குப் பிறகு வந்த ஆறு மாதம் என் வாழ்க்கையில் நல்ல காலம் என்றே சொல்வேன். முதலில் வள்ளிமலை போனோம். சமணக் குகையையும் கங்க மன்னன் ராச்சமல்லனின் கல்வெட்டையும் எடுத்தேன், சுற்றி வந்து நாலைந்து நீள வீடியோவும் எடுத்தேன். பிறகு மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டனார் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்த மன்னன் நினைவாக எடுத்த கோயில். பிறகு மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் திருமாலுக்கு எடுத்த கோயில். இவை எல்லாம் ஏற்கெனவே எல்லோரும் பார்த்தவை, படித்தவை.

தை மாதத்தில் ஒரு நாள், லத்தேரிக்கு அப்பால் ஒரு ஏரிக்கரையில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் காட்டிய நடுகல்லைப் பார்த்தோம். முழங்கால் உயரம்தான் வெளியே தெரிந்தது. சுற்றி மண்ணைக் கையால் விலக்கினோம். வீரன் வில்லும் குறுவாளுமாக நிற்கிறான், காலடியில் கெண்டியும் சிமிழும். மேலே நாலு வரி வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வகை. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி போனோம். வெயில் சாய்ந்து விழும்போதுதான் எழுத்து எழும்பித் தெரியும். நான் மண்டியிட்டு, டேபைச் சாய்த்துப் பிடித்து நாற்பது படம் எடுத்தேன். நண்பர் ‘தொறு’ என்ற ஒரு சொல்லை மட்டும் விரல் வைத்துக் காட்டினார். மாடு பிடிக்கும் சண்டையில் இறந்தவன் என்பதற்கு அது அடையாளம். மிச்சத்தை வீட்டில் உட்கார்ந்து பெரிதாக்கிப் படித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம். தெரிந்தவர்கள் யாருக்காவது இரண்டு படமாவது அனுப்பியிருக்கலாம். படித்து முடித்துவிட்டுச் சொல்வோம் என்று நண்பர் சொன்னார், நானும் சரி என்றேன். பிறகு அவருக்குக் காய்ச்சல், எனக்குப் பேரன் பிறந்த விசேஷம் என்று நாட்கள் ஓடின.

வைகாசியில்தான் உட்கார்ந்தோம். கேலரியில் சின்னச் சின்னதாக நாற்பது படமும் வரிசையாக இருந்தன. கல், எழுத்து, என் நிழல்கூடத் தெரிந்தது. ஒன்றைத் தொட்டுப் பெரிதாக்கினேன். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்தது, ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்றது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே சாம்பல். மகேந்திரவாடி சாம்பல், மேல்பாடி சாம்பல். வள்ளிமலையில் முதலில் எடுத்தவை மட்டும் திறந்தன. 1,100 படத்துக்கு மேல் போய்விட்டது. நண்பர் ஒன்றும் பேசவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ‘டேபை அணைத்துப் போட்டால் வரும்’ என்று ஏதோ உளறினேன். மறுநாளே பஸ் பிடித்து அந்த ஏரிக்குப் போனேன். கோடையில் கரையைப் பலப்படுத்த மண் அடித்திருந்தார்கள். ஜேசிபி ஓடிய தடம் இருந்தது. கல் இருந்த இடத்தில் கரை இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அந்த மேட்டில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அப்புறம் ஆறப்போடாமல், இழந்த தகவலை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு கடைக்குப் போனேன். 2,000 ரூபாய் முன்பணம், வருமா வராதா என்பதற்கு உறுதி கிடையாது என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, “சார், இது டூப்ளிகேட் கார்டு. உள்ள 32 ஜிபிதான் இருக்கு” என்றார்கள். பணம் திரும்பாது. கார்டு அசலா என்று சோதிக்க ஓரிரு மணி நேரம் போதும். அதை முதலில் செய்துவிட்டுப் பிறகு பணம் வாங்கியிருந்தால் 2,000 தப்பியிருக்கும். நீங்கள் அப்படி எங்காவது போனால், முன்பணத்தை நீட்டும் முன்னால் கார்டு அசல்தானா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். போலியாக இருந்தால், காணாமல் போனதில் மீட்பதற்கு எதுவும் இருக்காது. அழிந்துபோனதை மீட்கலாம், எழுதப்படவே இல்லாததை எங்கிருந்து மீட்பது?

போலிக் கார்டு இப்படித்தான் வேலை செய்கிறது. உள்ளே இருப்பது சின்ன சிப். ஆனால் ‘நான் 512’ என்று பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருக்கிறார்கள். நிஜ இடம் தீரும் வரைக்கும் ஒழுங்காக எழுதும். தீர்ந்த பிறகும் ‘எழுதிவிட்டேன்’ என்றே சொல்லும், ஆனால் எழுதாது. சில கார்டுகள் பழையதன் மேலேயே எழுதி அதையும் கெடுக்கும். எடுத்த கையோடு படத்தைத் திறந்து பார்த்தபோதெல்லாம் எனக்குச் சரியாகவே தெரிந்தது, ஏனென்றால் அது அப்போது டேபின் ரேமில் இன்னும் இருந்தது. கேலரியில் தெரிந்த சின்னப் படங்கள் உள் சேமிப்பில் தனியாக வைத்திருந்த நகல்கள். அதனால் ஆறு மாதம் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இதில் வயிற்றெரிச்சல் எது என்றால், நான் முதலில் நகர்த்திய 26 ஜிபி புத்தகம் அந்த 32க்குள் பத்திரமாக இருந்தது. எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளக் கூடியது நின்றது, மறுபடி கிடைக்காதது போனது.

கார்டு வாங்கினால் அன்றைக்கே சோதித்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் என்றால் எஃப்3, இரண்டும் இலவசம். கார்டு முழுக்க எதையாவது எழுதி, பிறகு படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். 128 ஜிபி கார்டுக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும், போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் நான் இரண்டாவது முறை பயந்தேன். அசலான 64 ஜிபி கார்டு விண்டோஸில் 59 சொச்சம்தான் காட்டும். அது போலி இல்லை. கம்பெனிக்காரர்கள் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் அதை 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். கடைசியாக, கார்டு அசலாகவே இருந்தாலும் அது நகல் வைக்கும் இடம். ஒரே பிரதியை அங்கே வைக்காதீர்கள். அசல் கார்டும் ஒரு நாள் சொல்லாமல் சாகும்.

படங்கள் தானாக கூகுளுக்குப் போகும்படி வைத்திருந்தால் தப்பித்திருப்பேனே என்று மகன் கேட்டான். உண்மைதான். தினம் ஒன்றரை ஜிபி நெட் தீர்ந்துவிடுகிறது என்று நானே அதை அணைத்து வைத்திருந்தேன். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதில் மெயிலும் டிரைவும் படமும் பங்கு போட வேண்டும். 2021 ஜூனுக்கு முன்னால் குறைத்த தரத்தில் ஏற்றும் படங்கள் அந்தக் கணக்கில் சேராது, இப்போது எல்லாம் சேரும். 100 ஜிபிக்கு நான் பார்த்தபோது மாதம் 130 ரூபாய். இரண்டு வருஷம் கட்டினால் 3,120. நான் கடையில் மிச்சம் பிடித்தது 2,500. ஆனாலும் அதையும் இப்போது கட்டுகிறேன். கூகுளின் மேகத்தில் (கிளவுட்) இருப்பது நகல்தான், டேபில் இடம் இல்லாத குறையை அது தீர்க்காது. குகைக்குள் நின்றுகொண்டு தொகுதியைத் திறக்க நெட் எங்கே இருக்கிறது?

இப்போது கணக்கு. பதினோரு மாதம் கழித்து எக்ஸ்சேஞ்சில் அந்த டேபுக்கு 4,200 கொடுத்தார்கள். 64 என்பதால் யாரும் கேட்பதில்லை என்று காரணமும் சொன்னார்கள். அதில் 9,799 நஷ்டம். கார்டு 699, மீட்புக் கடை 2,000, மேல்பாடியும் மகேந்திரவாடியும் மறுபடி போய் எடுக்க ஆட்டோ, பெட்ரோல், சாப்பாடு 1,400. மொத்தம் 13,898. பதினோரு மாதம் டேபைப் பயன்படுத்தினேனே என்று அதன் நஷ்டத்தில் பாதியைக் கழித்தாலும் கிட்டத்தட்ட 9,000 ரூபாய். வீட்டுக்காரியிடம் இதை ஒரேயடியாகச் சொல்லத் தைரியம் இல்லை. கார்டை ஒரு வாரத்திலும் டேபை அடுத்த வாரத்திலும் தவணையாகச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “128க்கும் 64க்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம்?” சொன்னேன். அதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த டேப் வாங்கும்போது துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். சிஸ்டமும் ஆப்களும் 30, புத்தகம் இப்போது 26, வருஷத்துக்கு இன்னும் 15 சேரும். படம் வருஷத்துக்கு 20, வாட்ஸ்அப் சுத்தம் செய்துகொண்டே இருந்தால் 10. டேபை நாலு வருஷம் வைத்துக்கொள்வேன். கூட்டினால் 206, காலியாக விட வேண்டிய பத்தில் ஒரு பங்கையும் சேர்த்தால் 230 போல வந்தது. 256 எடுத்தேன், 21,499. இது எல்லோருக்கும் தேவை என்று சொல்ல மாட்டேன். யூடியூப், செய்தி, வீடியோ கால் மட்டும் பார்க்கும் என் தங்கைக்கு 64 வாங்கியிருந்தால் அவள் அதையே நிரப்பியிருக்க மாட்டாள். ஆனாலும் 128க்கு ஆயிரம் இரண்டாயிரம்தான் கூட என்றால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன், சில மாடல்களில் அதோடு ரேமும் கூடுகிறது. பாட ஆப்பில் வீடியோ இறக்குகிற பிள்ளைகளுக்கு 128க்குக் கீழே போகவே வேண்டாம். ஐபேட் வாங்குகிறவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும், அதில் கார்டு போடும் வழியே இல்லை. 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் 64 அல்லது 256 என்ற இரண்டுதான் இருந்தன, 2025இல் வந்ததுதான் 128இல் தொடங்குகிறது. பழைய 64 ஐபேட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் ஒரு நாள் தள்ளிப்போட்டு யோசியுங்கள்.

இப்போது நாலு மாதம் ஆகிறது. இரண்டு பக்கமும் முனை உள்ள டைப்-சி பென்டிரைவ் ஒன்று வாங்கி (சோதித்துவிட்டு) ஞாயிற்றுக்கிழமை தோறும் படங்களை அதில் நகல் எடுக்கிறேன். அந்த நடுகல்லைப் பற்றி ஊரில் இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறோம், கரையைத் தோண்டும் வேலை வந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். நண்பர் பழையபடி என்னோடு வருகிறார். ஒவ்வொரு படம் எடுத்ததும் பக்கத்தில் வந்து நின்று, “நேத்து எடுத்ததைத் தொறந்து பெருசாக்கிக் காட்டு சார்” என்கிறார். நானும் திறந்து காட்டிய பிறகுதான் அடுத்த படம் எடுக்கிறேன்.